உம்மு சல்மா என்றொரு புத்தகம்

பிடித்த ஐந்து புத்தகங்களை எழுதுங்கள் என்றால் ஒருவரும் உண்மையை எழுதுவதில்லை. திண்டுக்கல் கிளை நூலகத்தில் பதினான்கு வருஷமாகப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவள் சொல்கிறேன், நம்பலாம். எதைச் சோறு தண்ணீர் மறந்து படித்தார்களோ அதை மறைத்துவிடுவார்கள். எதைக் கையில் வைத்திருந்தால் நாலு பேர் மதிப்பார்களோ அதைத்தான் எழுதுவார்கள்.

எங்கள் கிளையின் ஆண்டு விழாவுக்காக 1963-ல் அந்தப் போட்டியை ஆரம்பித்தவளே நான்தான். சின்னதாக ஒரு சீட்டு அச்சடித்தோம். தலைப்பில் 'என் வாழ்நாளில் மிகவும் பிடித்த ஐந்து புத்தகங்கள்'. கீழே எண் போட்டு ஐந்து கோடுகள். அதற்கும் கீழே உறுப்பினர் எண். எழுதி, வாசலில் இருக்கும் தகரப் பெட்டியில் போட வேண்டும். அதற்குள் ஊரே என்னைப் படுத்திய பாடு! மாதாமாதம் துப்பறியும் கதையாக அள்ளிக்கொண்டு போகும் புகையிலைக் கிட்டங்கிக்காரர், தான் தொட்டே பார்த்திராத ஐந்து தத்துவ நூல்களை வரிசையாக எழுதினார். ஒரு வக்கீல் ஐந்து கோட்டிலும் தான் எழுதிய ஒரே புத்தகத்தின் பெயரை எழுதியிருந்தார். ஒரு தமிழாசிரியர் ஐந்து போதவே போதாது என்று சண்டை பிடித்து, சீட்டின் பின்பக்கமெல்லாம் நுணுக்கி நுணுக்கி இருபத்தேழு பெயர் எழுதியும் மனசு ஆறாமல், "இன்னும் ரெண்டு நாள் டைம் குடும்மா" என்றார்.

"பொண்ணாய்யா பாக்குறீங்க? அஞ்ச எழுதிட்டுப் போங்க" என்றேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபமும் அப்படித்தான். இந்தக் கதையே என் கோபத்தால் வந்த கதைதான்.

விழாவுக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். மேஜையில் இரண்டு பேர் செய்தித்தாளை விரித்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்ட கடைசியில் ஒரு சீட்டு வந்தது. வயலட் மையில், எழுத்தின் வாலை நீட்டி அடுத்த எழுத்தின் காலில் கட்டிவிடுகிற கையெழுத்து. முதல் நான்கு கோட்டில் இருந்த பெயர்களைப் படித்தபோதே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்த நான்கும் நானும் ஒருத்தியும் பள்ளிக்கூடத்தில் மாற்றி மாற்றிப் படித்தவை. வரிசை மாறாமல் அப்படியே இருந்தன. ஐந்தாவது கோட்டில், 'உம்மு சல்மா' என்று எழுதியிருந்தது.

அப்படி ஒரு புத்தகம் உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் உண்டு. அது என் வீட்டு டிரங்குப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. அதற்கு அப்படி ஒரு பெயர் இருப்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். பைண்டர் கருப்பணன் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. உம்மு சல்மா செத்து ஒன்பது வருஷம். மிச்சம் நான்.

சல்மாவும் நானும் எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரே பெஞ்சு. அதோடு அவளை நிறுத்தி, பதினேழு வயதில் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் அப்துல் கையூமுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவளுக்குத் தாய் இல்லை. வெளியே போக்குவரத்தும் இல்லை. நான் சனிக்கிழமைதோறும் வாரப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு பின் சந்து வழியாகப் போய்க் கொல்லைக் கதவைத் தட்டுவேன். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. நான்தான் என்று தெரிந்து அவளே வந்து திறப்பாள். அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து தொடர்கதையை ஒருத்தி படிக்க ஒருத்தி கேட்போம்.

1954-ல் 'கொல்லைக் கதவு' என்று ஒரு தொடர்கதை வந்தது. ஒரு பெரிய வீட்டு மருமகள். கதை முழுக்க அவளுக்குப் பெயரே கிடையாது, மருமகள்தான். தினமும் அந்தி நேரத்தில் யாரோ அவர்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டுகிறார்கள். வீட்டார் திறக்கக் கூடாது என்கிறார்கள். யார் என்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் வாரத்துக்கு வாரம் எங்களுக்கு நெஞ்சு படபடக்கும். சல்மாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. படித்த அத்தியாயத்தை நான் கிழித்துச் சேர்த்து வைப்பேன். வீட்டில் யாரும் எடுத்துச் சாமான் மடித்துவிடக் கூடாது என்று அவள் ஒவ்வொரு அத்தியாயத்திலும் தலைப்புக்குக் கீழே வயலட் மையில் தன் பெயரை எழுதிவிடுவாள்.

முப்பத்தோராவது அத்தியாயம், 'மருமகள் தாழ்ப்பாளில் கை வைத்தாள்' என்று முடிந்தது. இன்னும் ஆறு வாரத்தில் கதை முடியும் என்று அறிவிப்பும் போட்டிருந்தார்கள். "பிரசவமாகி நாப்பது நாளு படுத்துக் கெடக்கணுமே, மொதல்ல இருந்து படிக்கணும்டி, பைண்ட் பண்ணிக் குடு" என்றாள் சல்மா. நானே தாள்களை அடுக்கி, ஓரம் பார்த்து, கருப்பணனிடம் கொண்டு போனேன். மிச்ச அத்தியாயங்களை ஒட்டிக்கொள்ளட்டும் என்று அவன் கடைசியில் வெள்ளைத் தாள் வைத்துத் தைத்தான். ஓரம் வெட்டும்போது படம் போட்ட தலைப்பெல்லாம் போய்விட்டது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் மேலே மிஞ்சியது சல்மாவின் பெயர் மட்டும்தான். கதைக்கு அதுதான் பெயர் என்று நினைத்து, புத்தகத்தின் முதுகில் தங்க எழுத்தில் 'உம்மு சல்மா' என்று பொறித்துக் கொடுத்துவிட்டான்.

அதைப் பார்த்துச் சல்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்லதாப் போச்சு. இனிமே இது என் கதை. உன் பேரு எங்கயுமே இல்லடி பேச்சி."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. வாரம் தவறாமல் வாங்கினவள் நான், கிழித்துச் சேர்த்தவள் நான், பைண்டரிடம் அலைந்தவள் நான். "சரி பண்ணிட்டு வாரேன்" என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அப்புறம் போகவில்லை. ஆறு சனிக்கிழமை போகவில்லை. பத்திரிகையை மட்டும் வாங்கி, பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில் எறிந்தேன். நான் படித்தால் அவளிடம் சொல்லாமல் இருக்க முடியாது, அதனால் படிக்கவும் இல்லை. கெஞ்சட்டும் என்று இருந்தேன்.

கெஞ்சத்தான் செய்தாள். வளையல்காரி மூலம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். "பேச்சிய வரச் சொல்லு. மருமக தாழ்ப்பாள்ல கைய வச்சுக்கிட்டே நிக்கிறா, கை வலிக்காதா பாவம்." அதைக் கேட்டு எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அடுத்த சனிக்கிழமை போகலாம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை பெண் குழந்தை பிறந்தது, தாய் தங்கவில்லை.

பிறகு அப்துல் கையூம் ஒரு தடவை புத்தகத்தைக் கேட்டார். பைண்டரிடம் இருக்கிறது என்று பொய் சொன்னேன். அவர் மறுபடி கேட்கவில்லை. கல்யாணம் காட்சி என்று எனக்கும் எதுவும் அமையவில்லை. அந்தப் பெட்டியை மட்டும் வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

சீட்டில் இருந்த உறுப்பினர் எண்ணைப் பதிவேட்டில் பார்த்தேன். அப்துல் கையூம், பேகம்பூர். சீட்டை ரவிக்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு அன்றைக்கே போனேன்.

பின் சந்து இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சரக்கு வைக்கக் கிட்டங்கி கட்டி, சந்து முழுவதையும் சேர்த்து வளைத்துவிட்டார். முன்வாசலில் போய் நின்றேன். கையூமின் இரண்டாவது மனைவி ஜெய்தூன் பீவி வந்தாள். என்னைவிட இளையவள், நல்ல முகம், ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நூலகத்திலிருந்து வருகிறேன் என்றதும் ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிப் போனாள்.

கொல்லைப்புறத்து நடையில் ஒரு சிறுமி கதவில் காதை வைத்து உட்கார்ந்திருந்தாள். அதே கதவு. குறுக்கே இரண்டு பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கிட்டங்கிச் சுவர் வந்துவிட்டது. நடுவில் ஒரு சாண் இடம்தான், பூனை நுழையலாம், ஆள் நிற்க முடியாது.

"நர்கீஸு, லைப்ரரிலேருந்து அக்கா வந்திருக்காங்க" என்றாள் ஜெய்தூன்.

அந்தப் பிள்ளை திரும்பியது. ஒன்பது வயசு. சல்மாவின் மூக்கு, சல்மாவின் மோவாய். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சீட்டைக் காட்டி, நீயா எழுதினாய் என்று கேட்டேன்.

"ஆமா. அம்மா சொல்லச் சொல்ல எழுதுனேன்."

"இந்த அஞ்சாவது புத்தகத்த நீ பாத்திருக்கியா?"

"பாக்கல. கேட்டேன்."

கேட்டதை எனக்கும் சொன்னது. கொஞ்சமும் திக்காமல், முதல் அத்தியாயத்திலிருந்து. மருமகள் மாட்டுவண்டியில் வந்து இறங்குகிற இடம், மாமியாரின் வெங்கலக் குரல், முதல் தடவை கதவு தட்டப்படும் அந்தி. நானே மறந்துபோன வரிகள் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தன. பழைய பத்திரிகை யாரிடமாவது இருந்து படித்துக் காட்டியிருக்கலாம் என்று ஒரு பக்கம் மனசு சாக்குத் தேடியது. ஆனால் பத்திரிகையில் எங்கே இருக்கிறது 'உம்மு சல்மா' என்ற பெயர்? கடைசியில், "மருமக தாழ்ப்பாள்ல கை வச்சா" என்று சொல்லி நிறுத்தியது. பிறகு என்னைப் பார்த்து, "மிச்சம் பேச்சிகிட்ட இருக்குன்னாங்க அம்மா. நீங்கதான பேச்சி?" என்றது.

தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜெய்தூன் என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போனாள்.

"அக்கா, நான் பெக்கலதான். ஆனா ஒன்றரை வயசுல இருந்து என் மடியில வளந்த புள்ள அது. நாலு மாசமா சாயங்காலம் அஸர் பாங்கு சொன்னா போதும், கதவுகிட்டப் போய் உக்காந்துருது. ஓதிப் பாத்தாச்சு, தாயத்துக் கட்டியாச்சு, டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு. காச்சல் எறங்க மாட்டேங்குது. முந்தாநாளு கேட்டேன், கத முடிஞ்சா என்னடி ஆகும்னு. கதவு தொறந்துரும் சின்னம்மா, நான் அம்மாகூடப் போயிருவேன்ங்குறா. சிரிச்சுக்கிட்டே சொல்றாக்கா."

"நீ ஏதாச்சும் சத்தம் கேட்டியா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல. கேக்காம இருக்குறதுதான் பயமா இருக்கு." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மிச்சக் கத உங்க கையில இருக்குதாமே. அத இந்த வாசப்படி ஏத்தாதீங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஒன்பது வருஷமாக நான் ஏங்கிய ஏக்கம் எனக்குத்தான் தெரியும். அந்த ஆறு இதழ்களையும் எப்படியாவது அவளிடம் சேர்க்க ஒரு வழி கிடைக்காதா என்று எத்தனை சனிக்கிழமை அழுதிருக்கிறேன். இப்போது அவளே ஆள் விட்டுக் கேட்கிறாள். கொடுக்காதே என்று இன்னொருத்தி காலில் விழாத குறையாக நிற்கிறாள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்காமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு திறந்தேன். புத்தகத்தைப் பிரித்துக் கடைசி வெள்ளைத் தாள்களைப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தன. அதிலேயே எதுவோ எழுதியிருக்கும் என்று பயந்திருந்தேன், அசட்டுத்தனம்தான். பிறகு ஆறு இதழ்களையும் அடுக்கி, முதல் தடவையாகப் படித்தேன். நல்ல பகல்தான். ஜன்னலில் வெயில் அடித்தது. தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். ஆனாலும் பாதியில் எழுந்து போய், கொல்லைக் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

முப்பத்தேழாவது அத்தியாயத்தில் மருமகள் கதவைத் திறக்கிறாள். தட்டியது யார் என்று எழுதினவர் சொல்லவே இல்லை. 'வந்துவிட்டாயா' என்று அவள் கேட்பது மட்டும்தான் இருக்கிறது. காலையில் வீட்டார் வந்து பார்க்கும்போது கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது. மருமகளைக் காணோம். தொட்டிலில் கிடந்த பிள்ளையையும் காணோம். முற்றும்.

இதழ்களை மூடி வைத்தேன். யோசிக்க எதுவும் இல்லை. பேனாவை எடுத்து, கருப்பணன் தைத்துவிட்ட வெள்ளைத் தாளில் 'அத்தியாயம் முப்பத்திரண்டு' என்று எழுதினேன். அதற்கு முன்னால் நான் கடிதத்தைத் தவிர வேறு எதுவும் எழுதினவள் இல்லை. தாழ்ப்பாளில் கை வைத்த மருமகளை எப்படி இழுப்பது? அரை மணி நேரம் முழித்துக்கொண்டிருந்து, கடைசியில் அடுப்பில் பாலைப் பொங்க வைத்தேன். பால் பொங்கும் சத்தம் கேட்டு மருமகள் கையை எடுத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். தொடரும்.

அடுத்த சனிக்கிழமை புத்தகத்தோடு பேகம்பூர் போனேன். முதுகில் இருந்த தங்க எழுத்தைக் கண்டதும் நர்கீஸ் அதை விரலால் தடவிப் பார்த்தாள். ஜெய்தூன் முகம் செத்துவிட்டது. "நம்புடி, நான் அதப் படிக்கல" என்று அவள் காதில் சொல்லிவிட்டு, நடையில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாங்கு சொல்லி முடிந்தது. படிக்க ஆரம்பித்தேன்.

பாதி படித்திருப்பேன். கதவு தட்டப்பட்டது.

மெதுவாகத்தான். அந்தப் பக்கத்திலிருந்து, ஆள் நிற்க இடமில்லாத அந்த ஒரு சாணிலிருந்து. இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. அது சல்மாவின் தட்டு இல்லை, என்னுடைய தட்டு. நான் தட்டி அவள் திறந்த கதவு. ஆறு சனிக்கிழமை அவள் காது கொடுத்துக் காத்துக்கிடந்த சத்தம். ஜெய்தூனுக்கும் அது கேட்டுவிட்டது, சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். பலகையில் அடித்திருந்த ஆணி ஒன்று கொஞ்சம் வெளியே வந்திருந்தது. அது முன்பே அப்படி இருந்ததா என்று சத்தியமாகத் தெரியாது.

"படிங்க" என்றாள் நர்கீஸ்.

விட்ட இடத்திலிருந்து படித்து முடித்தேன். பிள்ளை கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னது: "இது கதையில இல்லையாம். பேச்சி எழுதுனதாம். பால் பொங்குற எடத்துல அம்மா சிரிச்சாங்க. பேச்சிக்கு எப்பவும் அடுப்பு நெனப்புத்தான்னாங்க." பிறகு முகம் வாடி, "நெசமான மிச்சத்தக் குடுக்கச் சொல்றாங்க" என்றது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுகையோடு பழைய கோபமும் வந்தது. கதவைப் பார்த்து, ஒன்பது வருஷமாகப் பேச முடியாத ஆளிடம் சத்தமாகவே பேசினேன்.

"சல்மா, நான் செஞ்சது தப்புடி. ஒரு பேருக்காக ஒன்னய ஆறு வாரம் காக்க வச்சேன், அதுக்கு நான் நல்லா அனுபவிச்சுட்டேன். மிச்சம் என்கிட்ட பத்திரமா இருக்கு. ஆனா இப்பத் தரமாட்டேன். அதுல பிள்ளையும் போயிருதுடி, தெரியுமா? நீ காத்துக் கெடந்தது எனக்காகத்தான, இவளுக்காக இல்லையே. இவள விட்டுரு. எனக்குக் காலம் வாரப்ப ஆறையும் நானே கையில கொண்டாறேன். ரெண்டு பேரும் வாசப்படியில உக்காந்து படிப்போம். அதுவரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து நான் எழுதுனதப் படிக்கிறேன். பிடிக்காட்டி வையி. ஆனா புள்ள என் பக்கம்."

அடுப்படியில் எதுவோ தீயும் வாசனை வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு கதவில் இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு ஒரு தட்டு.

"சரின்னுட்டாங்க" என்றாள் நர்கீஸ். "ஆனா சத்தியமான்னு கேக்குறாங்க."

"சத்தியம்" என்று கதவில் கையடித்துச் சொன்னேன்.

மறுநாளே காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொல்ல ஆசைதான். இரண்டு வாரம் ஆனது. மூன்றாம் வாரம் பிள்ளை இட்லி கேட்டுச் சாப்பிட்டதாக ஜெய்தூன் நூலகத்துக்கே ஆள் அனுப்பினாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஐந்தரை வருஷம், சனிக்கிழமை தவறாமல் ஓர் அத்தியாயம். அந்த மருமகளைத் தாழ்ப்பாளிலிருந்து இழுத்துப் பிடிக்க நான் சொல்லாத காரணம் இல்லை. மழை பெய்து துணி நனைந்தது. விருந்தாள் வந்தார்கள். மாமியாருக்கு மூட்டு வலி கண்டது. ஆடு வெண்டைச் செடியை மேய்ந்தது. தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது, பிறகு தவழ்ந்தது, பிறகு பள்ளிக்கூடம் போனது. புத்தகத்தின் வெள்ளைத் தாள் தீர்ந்ததும் நோட்டில் எழுதினேன். நோட்டுகள் சேர்ந்ததும் கருப்பணன் மகனிடம் கொடுத்துத் தைத்து வாங்கினேன். முதுகில் என்ன பெயர் போடுவது என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றேன். பெயரால் பட்டது போதும்.

நர்கீஸ் ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் அதே ஐந்து பெயரை எழுதிப் போடுவாள். நான் மட்டும் ஒரு வருஷமும் சீட்டு எழுதவில்லை. ஊரை எல்லாம் அதட்டி எழுத வைக்கிறவளுக்குத் தன் சீட்டை எடுத்தால் கை ஓடாது. எனக்குப் பிடித்த புத்தகம் எது என்று தெரியும், அதைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தேன்.

இந்த வருஷம், 1969 ஜூனில், நர்கீஸ் எஸ்.எஸ்.எல்.சி. தேறி மதுரைக்கு விடுதியில் தங்கிப் படிக்கப் போனாள். அந்தக் குடும்பத்தில் முதல் பெண். ஜெய்தூன் அழுதுகொண்டே முறுக்கும் அதிரசமும் கட்டிக் கொடுத்தாள். போவதற்கு முந்திய சனிக்கிழமை நடையில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். மருமகளின் மகள் வளர்ந்து, முன்வாசல் வழியாக வெளியூர் போகிறாள். படித்து முடித்ததும் நர்கீஸ் கதவில் காதை வைத்துவிட்டு எழுந்தாள்.

"பெரியம்மா, இப்பல்லாம் அம்மா எங்கிட்டப் பேசுறதே இல்ல. சின்ன வயசுல கேட்டது நெசமாவே கேட்டதான்னுகூடச் சந்தேகமா இருக்கு" என்றாள்.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றேன். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

நேற்று ஆண்டு விழாப் பெட்டியைத் திறந்தேன். புகையிலைக் கிட்டங்கிக்காரர் இந்த வருஷமும் தத்துவம்தான். நர்கீஸ் மதுரையிலிருந்து தபாலில் அனுப்பியிருந்தாள், நீல மையில், வழக்கமான ஐந்து. அதற்குக் கீழே இன்னொரு சீட்டு. வயலட் மை. உறுப்பினர் எண் இல்லை. முதல் நான்கு கோட்டிலும் அதே பழைய நான்கு புத்தகங்கள். ஐந்தாவது கோட்டில் 'முத்துப்பேச்சி' என்று எழுதியிருந்தது.

என் பெயர். தலைப்பில்லாத அந்த நோட்டுப் புத்தகத்துக்குப் பெயர் வைத்துவிட்டாள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் உன் பேரு எங்கயுமே இல்லடி என்று சிரித்தவள். சீட்டை வைத்துக்கொண்டு மேஜையிலேயே அழுதேன். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இன்று ஞாயிறு. காலையிலிருந்தே நெஞ்சில் ஒரு பாரம், இடது கை மரத்தாற்போல இருக்கிறது. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. சரியாக அஸர் பாங்கு சொல்லி முடிந்ததும் என் வீட்டுக் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. நாகல் நகரில் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது, அந்தப் பக்கமாக யாரும் வந்ததில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துவைகல் தெரிந்தது, வெயில் தெரிந்தது, வேறு யாரும் இல்லை. இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு.

பயமாக இருக்கிறதா என்றால், இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இதை எழுதி முடிக்கிறவரைக்கும் பொறுடி என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆறு இதழ்களையும் எடுத்து மஞ்சள் பையில் போட்டுவிட்டேன். இரண்டு புத்தகங்களும் நர்கீஸுக்கு என்று எழுதி மேலே வைத்திருக்கிறேன். முடிவு அவற்றில் இல்லை, அது அவளுக்கு வேண்டாம்.

கடைசியாக என் சீட்டையும் எழுதிவிட்டேன். முதல் கோட்டில் 'உம்மு சல்மா'. மற்ற நான்கும் காலியாகவே கிடக்கட்டும், தமிழாசிரியருக்கு வேண்டுமானால் கொடுங்கள்.

மறுபடியும் தட்டுகிறாள். அவளுக்கு என்றைக்குத்தான் பொறுமை இருந்தது? இதோ, வாரேன்டி.